ரன்னுன்னா ஓடுறது மட்டும்தானா? ஒத்த வெர்பை முழுசா புடிக்க ஒரு வழிகாட்டி

ஸ்கூல்ல "ரன் = ஓடு"ன்னு நோட்டுல எழுதினதோட மேட்டர் முடிஞ்சிடுச்சுன்னு நெனச்சுகினு இருந்தோம், வேலைக்குப் போயி பார்த்தா மூக்கு ரன் ஆவுது, மோட்டார் ரன் ஆவுது, துணில சாயம் ரன் ஆவுது, எலெக்ஷன்ல ஒருத்தர் ரன் பண்றாரு, மீட்டிங்ல மேனேஜர் "லெட் மீ ரன் திஸ் பை யூ"ங்கிறாரு. இன்னாடா இதுன்னு தலை சுத்தும். தப்பு நம்ம மேல இல்லங்க. ஆக்ஸ்ஃபோர்டு இங்கிலீஷ் டிக்ஷனரி "ரன்"ங்கிற வெர்புக்கு மட்டும் 645 அர்த்தம் பிரிச்சு வெச்சிருக்கு. 1989ல வந்த ரெண்டாவது எடிஷன்ல "செட்"தான் பெரிய தலை, 2011 வாக்குல "ரன்" அதை முந்திடுச்சு, இந்த ஒரு வெர்பை எழுதி முடிக்கவே பீட்டர் கில்லிவர்ங்கிற எடிட்டருக்கு ஒன்பது மாசம் ஆச்சு.

645ஐயும் யாரும் மனப்பாடம் பண்ணத் தேவையில்ல, இங்கிலீஷ்காரனே பண்ணல. ரெண்டே கேள்வி கேட்டுப் பழகினா போதும். யாரு ஓடுறாங்க, எது ஓடுது? "ரன்"னுக்கு அப்புறம் இன்னா வார்த்தை வருது? இந்த ரெண்டும் தெரிஞ்சா அர்த்தம் தானா வந்துடும், அதுக்கு பதிலா எந்த வார்த்தை போடலாம்னும் தெரிஞ்சிடும். ராயபுரம், தண்டையார்பேட்டை, வியாசர்பாடி, எண்ணூர் பக்கம் தமிழ் மீடியத்துல படிச்சிட்டு இப்ப இங்கிலீஷ்ல மெயில் போட்டுகினு இன்டர்வியூக்கு அலைஞ்சுகினு இருக்கிறவங்களுக்காக எழுதுறேன், அதனால உதாரணமும் நம்ம ஏரியாவுலயே எடுத்துக்கிறேன்.

ஸ்டெப் 1: உங்க கிட்ட ஏற்கெனவே இருக்கிற "ஓடு"வ முதல்ல எடுங்க

தமிழ்லயும் ஓடுறது காலு மட்டும் இல்லையே. தண்ணி ஓடுது, மோட்டார் ஓடுது, ரயில் ஓடுது, படம் ஓடுது, மனசுல என்னமோ ஓடுது. இதுக்கெல்லாம் கண்ண மூடிகினு ரன் போடலாம். "தி மோட்டார் இஸ் ரன்னிங்." "தி ஃபிலிம் ரான் ஃபார் எ ஹண்ட்ரட் டேஸ்." "எ தாட் ரான் த்ரூ மை மைண்ட்." 1856ல ராயபுரத்துல இருந்து வாலாஜா ரோடு வரைக்கும் தென்னிந்தியாவோட முதல் பயணிகள் ரயில் ஓடுச்சு பாருங்க, அதுக்கும் ரான்தான். ஆக பாதி கிணறு தாண்டியாச்சு.

கடை விஷயத்துல மட்டும் கொஞ்சம் உஷாரு. "கடை நல்லா ஓடுது"ங்கிறத "தி ஷாப் இஸ் ரன்னிங் வெல்"னு சொன்னா இங்க எல்லாருக்கும் புரியும், ஆனா வெளிநாட்டு கஸ்டமர் கிட்ட "தி ஷாப் இஸ் டூயிங் வெல்"னு சொல்றதுதான் இயல்பா இருக்கும்.

பிரச்சனை "ஓட்டு"ல ஆரம்பிக்குது. காரு ஓட்டுறது டிரைவ், பைக்கு சைக்கிள் ஓட்டுறது ரைட், ரெண்டுக்கும் ரன் வராது. "என்ன ஓட்டாத மச்சி"ன்னு ஃப்ரெண்டு கிட்ட சொல்றோமே, அதை "டோன்ட் ரன் மீ"ன்னு மாத்தினா அவன் இன்னும் நாலு நாளைக்கு ஓட்டுவான், அங்க வேண்டியது "ஸ்டாப் டீசிங் மீ" இல்லன்னா "ஸ்டாப் புல்லிங் மை லெக்". "ஏதோ பொழப்ப ஓட்டிகினு இருக்கேன்"னா "ஐம் ஜஸ்ட் கெட்டிங் பை." வீட்ல கோச்சிகினு ஓடிப்போன பையன் "ரான் அவே", லவ் பண்ணி ஓடிப்போன ஜோடிக்கு "எலோப்"னு தனி வார்த்தையே இருக்கு, "தே எலோப்டு"ன்னு சொன்னா அதுக்கு மேல கதை சொல்லத் தேவையில்ல.

ஸ்டெப் 2: யாரு ஓடுறது, எது ஓடுதுன்னு பாருங்க

மனுஷன் ஓடினா ஈஸி, வேகமும் காரணமும்தான் வார்த்தைய மாத்தும். காலைல காசிமேடு பக்கம் மெதுவா ஓடுறாங்களே அது ஜாக். நூறு மீட்டர் ரேஸ்ல உயிரைக் குடுத்து ஓடுறது ஸ்பிரின்ட். பஸ்ஸு கெளம்புதேன்னு பத்தடி பாய்ஞ்சு போறது டேஷ். பட்டாசு வெடிச்சதும் நாயி தெறிச்சு ஓடுதே அது போல்ட். ரஷ்னா அவசரமா போறது, அதுல ஓடணும்னே அவசியம் இல்ல, ஆட்டோல போனாலும் ரஷ்தான். ஆபத்துக்கு பயந்து ஊரை விட்டே ஓடுறது ஃப்ளீ, பாஸ்ட் டென்ஸ்ல ஃப்ளெட். 1914 செப்டம்பர் 22 ராத்திரி எம்டன்ங்கிற ஜெர்மன் போர்க்கப்பல் வந்து ஹார்பர் பக்கத்துல இருந்த பர்மா ஆயில் கம்பெனி டேங்க்குங்க மேல குண்டு போட்டுச்சே, அதுக்கப்புறம் ஜனங்க மெட்ராஸை விட்டு கெளம்பினதுக்கு "பீப்பிள் ஃப்ளெட் தி சிட்டி"தான் சரியான வாக்கியம். அங்க "ரான்"னு எழுதினா தப்பு இல்ல, ஆனா பயம் வாக்கியத்துல இறங்காது.

தண்ணி ஓடினா அளவைப் பாருங்க. ஆறுக்கு ஃப்ளோ, "தி கொசஸ்தலையாறு ஃப்ளோஸ் இன்டு தி ஸீ அட் எண்ணூர்." பைப்புல நூல் மாதிரி வர்றது ட்ரிக்கிள், சொட்டு சொட்டா விழுறது ட்ரிப், பைப்பு உடைஞ்சு பீய்ச்சி அடிக்கிறது கஷ். இந்த மூணும் நம்ம ஏரியாக்காரங்களுக்கு விளக்கவே வேணாம், ஒரே தெருவுல மூணையும் பார்க்கலாம். "யூ லெஃப்ட் தி டேப் ரன்னிங்"னு யாராவது சொன்னா பைப்ப மூடாம வந்துட்டீங்கன்னு அர்த்தம், போய் மூடுங்க. மூக்குக்கு நாம ஒழுகுதுன்னு சொல்வோம், அவங்க "மை நோஸ் இஸ் ரன்னிங்" இல்லன்னா "ஐ ஹேவ் எ ரன்னி நோஸ்"ங்கிறாங்க.

சாயம் ஓடுறது தனிக் கதை, இதை கொஞ்சம் நிதானமா பார்க்கலாம். வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்ல துணி எடுக்கும்போது "சாயம் போவுமா?"ன்னு கேக்கிறோம், அந்த ஒரு "போவும்"ல இங்கிலீஷ்காரன் ரெண்டு விஷயத்த பிரிச்சு வெச்சிருக்கான். ஊறப்போட்டா சாயம் கரைஞ்சு பக்கத்துல இருக்கிற வெள்ளை பனியன்ல ஏறுறது ரன், அதுக்கே இன்னொரு வார்த்தை ப்ளீட். வெயில்ல காய்ஞ்சு காய்ஞ்சு வெளுத்துப் போறது ஃபேட். சாயம் போகாத துணி "கலர்ஃபாஸ்ட்". இதுல வேடிக்கை என்னன்னா, சாயம் போற துணியவே பெருமையா வித்திருக்காங்க. 1960கள்ல அமெரிக்காவுல "ப்ளீடிங் மெட்ராஸ்"னு நம்ம ஊரு பேருல செக் துணி பெரிய ஃபேஷன், ஒவ்வொரு தடவ தொவைக்கும்போதும் கலருங்க ஒண்ணுக்குள்ள ஒண்ணு இறங்கி புது ஷேடு வரும்னு சொல்லி "கேரண்டீட் டு ப்ளீட்"னு விளம்பரம் பண்ணாங்க. எம்.சி. ரோட்ல அப்படி சொல்லி ஒரு மீட்டராவது வித்துக் காட்டட்டும் பார்ப்போம்.

மெஷினுக்கு வாங்க. இங்கதான் நெறைய பேரு மாட்டிக்கிறாங்க. ரன்னும் வொர்க்கும் ஒண்ணு இல்ல. "இஸ் தி மோட்டார் ரன்னிங்?"னா இப்ப இந்த நிமிஷம் ஓடிகினு இருக்கான்னு கேக்கிறது. "டஸ் தி மோட்டார் வொர்க்?"னா ரிப்பேர் இல்லாம நல்ல நெலமைல இருக்கான்னு கேக்கிறது. ஆஃப் பண்ணி வெச்சிருக்கிற நல்ல மோட்டார் வொர்க் ஆவும், ஆனா ரன் ஆகல. எண்ணூர், மணலி பக்கம் பிளான்ட்டுல வேலை செய்றவங்க ஷிஃப்ட் ரிப்போர்ட்ல இதை மாத்தி எழுதிட்டா அடுத்த ஷிஃப்ட்காரன் தலைய பிச்சுக்குவான். வண்டி நிக்குது ஆனா இன்ஜின் ஓடிகினே இருக்குன்னா ஐடில், "தி இன்ஜின் இஸ் ஐட்லிங்." எதுல ஓடுதுன்னு சொல்ல "ஆன்" சேருங்க, "இட் ரன்ஸ் ஆன் டீசல்." ஃபங்ஷன், ஆபரேட் ரெண்டும் மேனுவல்ல, ரிப்போர்ட்ல வர்ற வார்த்தைங்க, வாயால பேசும்போது அவ்ளோவா வராது. மீஞ்சூர் பக்கம் காட்டுப்பள்ளில 2010ல கடல் தண்ணிய குடிதண்ணி ஆக்குற பிளான்ட் ஆரம்பிச்சாங்களே, ஒரு நாளைக்கு 10 கோடி லிட்டர் கெப்பாசிட்டி, அதைப் பத்தி பேப்பர்ல எழுதும்போது "வென்ட் இன்டு ஆபரேஷன் இன் 2010"னுதான் போடுவாங்க.

ரோடும் கால்வாயும் ரன் ஆவும், நீண்டு போறதுன்னு அர்த்தம். "ஜி.என்.டி. ரோடு ரன்ஸ் நார்த் டுவர்ட்ஸ் கொல்கத்தா." "தி பக்கிங்ஹாம் கெனால் ரன்ஸ் த்ரூ எண்ணூர் அண்ட் பேசின் பிரிட்ஜ்." இங்க "இஸ் ரன்னிங்"னு போட்டா ரோடு எழுந்து ஓடுற மாதிரி ஆயிடும், "ரன்ஸ்" மட்டும்தான். பதிலுக்கு ஸ்ட்ரெட்ச், எக்ஸ்டென்ட் போடலாம். லீட்னா கொஞ்சம் வேற, அந்த ரோடு உங்கள எங்க கொண்டு போயி விடும்னு சொல்றது, "திஸ் லேன் லீட்ஸ் டு தி பீச்."

பஸ்ஸு, ரயிலுக்கும் ரன்தான். 2021 பிப்ரவரில வண்ணாரப்பேட்டைல இருந்து மெட்ரோவ நீட்டினாங்க இல்ல, அதுல இருந்து "மெட்ரோ டிரெய்ன்ஸ் ரன் ஃப்ரம் விம்கோ நகர் டு தி ஏர்போர்ட்." நம்ம ஊரு இங்கிலீஷ் பேப்பர்ல "பஸஸ் ப்ளையிங் பிட்வீன்"னு வரும், ப்ளைன்னா ரெண்டு ஊருக்கு நடுவுல போயி வந்துகினு இருக்கிறது, எழுத்துல ஓகே, வாயில சொன்னா கொஞ்சம் பழைய சர்க்கார் வாசனை அடிக்கும். முக்கியமான ஒண்ணு, "ரன்னிங்ல ஏறாத"ன்னு கண்டக்டர் கத்துறாரே, அந்த ரன்னிங் நம்ம தமிழோட சொத்து. இங்கிலீஷ்ல அது "மூவிங் பஸ்". நின்னுகினு இருக்கிற பஸ்ஸுலயும் இன்ஜின் ரன் ஆவும், அதனால ரன்னிங் பஸ்ஸுன்னா அவனுக்கு பாயின்ட் புரியாது.

காலக்கணக்குக்கும் வரும். "தி அக்ரிமென்ட் ரன்ஸ் ஃபார் லெவன் மந்த்ஸ்"னு ஹவுஸ் ஓனர் சொன்னா பதினோரு மாசம் செல்லும்னு அர்த்தம், "இஸ் வேலிட் ஃபார்"னும் சொல்லலாம். மீட்டிங், பங்க்ஷன் மாதிரி விஷயம் எவ்ளோ நேரம் நீடிக்குதுன்னு சொல்ல லாஸ்ட்.

ஸ்டெப் 3: எதை ரன் பண்றாங்கன்னு பாருங்க

ரன்னுக்கு அப்புறம் நேரா ஒரு பொருளோ வேலையோ வந்தா பெரும்பாலும் "நடத்துறது". "ஷீ ரன்ஸ் அன் அத்தோ ஸ்டால் நியர் பர்மா பஜார்." அத்தோங்கிற பர்மா நூடுல்ஸ் கடைய நடத்துறாங்கன்னுதான் அர்த்தம், அவங்களோடதுன்னு அர்த்தம் இல்ல, சொந்தக் கடைன்னா ஓன். ஆரம்பிச்சு வெச்சவங்கன்னா ஃபவுண்ட், இது பாஸ்ட் டென்ஸ்ல ஃபவுண்டட் ஆவும். பெரம்பூர்ல பக்கிங்ஹாம் கர்நாட்டிக் மில்ல ரன் பண்ணது பின்னி கம்பெனி, அந்த மில்லு தொழிலாளிங்களுக்காக 1918ல மெட்ராஸ் லேபர் யூனியனை ஃபவுண்ட் பண்ணவரு பி.பி.வாடியா. ஓன், ஃபவுண்ட், ரன் மூணையும் கலக்காதீங்க, லோன் ஃபார்ம்ல கலந்தீங்கன்னா கேள்வி மேல கேள்வி வரும்.

ரெஸ்யூம் எழுதுறவங்க இந்த பத்திய ரெண்டு தடவ படிங்க. பேச்சுல "ஐ ரான் தி நைட் ஷிஃப்ட்" சூப்பரா இருக்கும், ரெஸ்யூம்ல அதையே தெளிவா பிரிச்சுப் போடணும். ஆளுங்கள வெச்சு வேலை வாங்கினா மேனேஜ் இல்லன்னா சூப்பர்வைஸ். மேல இருந்து மொத்தத்தையும் பார்த்துகினா ஓவர்ஸீ, பாஸ்ட் டென்ஸ்ல ஓவர்ஸா. ஹார்பர்ல கிரேன், ஃபோர்க்லிஃப்ட், ஃபேக்டரில லேத்து இதுக்கெல்லாம் ஆபரேட், "ஐ ரன் எ கிரேன்"னு சொல்லாதீங்க. டெஸ்ட், இன்டர்வியூ, சர்வே எல்லாம் கன்டக்ட். ரத்த தான கேம்ப், கேரம் டோர்னமென்ட் மாதிரி ஆளு சேர்த்து ஏற்பாடு பண்ணது ஆர்கனைஸ். "மேனேஜ்ட்"னு ஒரே வார்த்தைய பத்து லைனுக்கும் போட்டா படிக்கிறவன் பாதியில தூக்கிப் போட்டுடுவான், எந்த வேலைக்கு எது பொருந்துதோ அதைப் போடுங்க.

கம்ப்யூட்டர்ல புரோகிராம் ரன் பண்றது எல்லாருக்கும் தெரியும், டெக்னிக்கலா எழுதும்போது எக்ஸிக்யூட். பேப்பர்காரங்க "ரான் எ ஸ்டோரி"ன்னா செய்தி போட்டாங்கன்னு, அதாவது பப்ளிஷ். வீட்டுக்கு பால், மருந்து வாங்கிகினு வர்ற மாதிரி சின்ன வேலைங்க "ரன் அன் எரண்ட்". "ரன் எ ரிஸ்க்"னா ரிஸ்க் எடுக்கிறது. "ரன் எ ரெட் லைட்"டுன்னு அமெரிக்காக்காரன் சொல்றதைத்தான் நாம "சிக்னல் ஜம்ப்"ங்கிறோம். காய்ச்சலுக்கு "ஷீ இஸ் ரன்னிங் எ ஃபீவர்", நடுவுல அந்த "எ" விட்றாதீங்க, ஸ்டான்லி ஆஸ்பத்திரில டாக்டர் கிட்ட சொல்றதுன்னா "ஷீ ஹேஸ் எ ஃபீவர்" போதும், தமிழ்ல சொன்னா இன்னும் சீக்கிரம் மருந்து வரும்.

எலெக்ஷனுக்கு மூணு ஊருல மூணு வார்த்தை. அமெரிக்காவுல ரன் ஃபார், இங்கிலாந்துல ஸ்டாண்ட் ஃபார், நம்ம நாட்டுல கன்டெஸ்ட். "ஜெயலலிதா கன்டெஸ்டட் ஃப்ரம் ஆர்.கே.நகர் இன் 2015." தமிழ்ல நாமளும் தேர்தல்ல நிக்கிறோம், ஓடுறதில்ல, அதனால ஸ்டாண்ட் நமக்கு ஒட்டும்.

ஸ்டெப் 4: வாலைப் புடிங்க

ரன்னுக்குப் பின்னாடி இன்டு, ஓவர், அவுட்னு குட்டி வார்த்தை ஒட்டினா பழைய அர்த்தமே போயிடும். மொத்தமா லிஸ்ட் போட்டு உருப்போடாதீங்க, வாரத்துக்கு ரெண்டு எடுத்து வாயில வெச்சுகினா தானா ஒட்டும்.

"ரன் அவுட் ஆஃப்"னா தீர்ந்து போறது. "வி ரான் அவுட் ஆஃப் வாட்டர்", 2019 ஜூன்ல மொத்த சென்னையும் சொன்ன வாக்கியம். புழல் ஏரி காஞ்சதுக்கு "ரான் டிரை", பதிலுக்கு டிரைடு அப். இன்னும் தீரல, தீரப் போவுதுன்னா "ரன்னிங் லோ" இல்லன்னா "ரன்னிங் ஷார்ட் ஆஃப்". "ரன் அவுட் ஆஃப்"ல அந்த "ஆஃப்" விட்டுட்டீங்கன்னா கிரிக்கெட் ரன் அவுட் ஆயிடும், குடத்தை கையில வெச்சுகினு கிரீஸுக்குள்ள வரலன்னு அர்த்தம் ஆயிடும்.

"ரன் இன்டு"வுக்கு மூணு வேலை. பழைய ஃப்ரெண்ட மிண்ட் ஸ்ட்ரீட்ல எதேச்சையா பார்த்தா "ஐ ரான் இன்டு ஹிம்", பம்ப் இன்டுவும் சொல்லலாம். ஒரு சிக்கல்ல மாட்டினா "வி ரான் இன்டு எ ப்ராப்ளம்", எழுத்துல ஃபேஸ், என்கவுன்ட்டர். மோதினாலும் அதேதான், ஆனா 2017 ஜனவரி 28ல எண்ணூர் பக்கத்துல கடல்ல ரெண்டு கப்பல் மோதி எண்ணெய் கொட்டி கரையெல்லாம் கறுப்பாச்சே, அந்த மாதிரி பெரிய விஷயத்துக்கு கொலைடு போடுங்க, "டூ ஷிப்ஸ் கொலைடட் ஆஃப் எண்ணூர்." ஆளு மேல வண்டி ஏறினா ரன் ஓவர், இதை இன்டுவோட மாத்திச் சொன்னா ஆபத்து. "ஐ ரான் இன்டு மை அங்கிள்"னா மாமாவ வழியில பார்த்தேன். "ஐ ரான் ஓவர் மை அங்கிள்"னா போலீஸ் ஸ்டேஷன் போவணும்.

ஆபீஸ்ல ரெண்டு அடிக்கடி வரும். "ரன் த்ரூ"ன்னா ஆரம்பத்துல இருந்து ஒரு தடவ வேகமா ஓட்டிப் பார்க்கிறது, "லெட்ஸ் ரன் த்ரூ தி லிஸ்ட்", பதிலுக்கு கோ ஓவர். "ரன் இட் பை மீ"ன்னா என் கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு செய், அதாவது கன்சல்ட், மேனேஜர் இதைச் சொல்லிட்டு எனக்கு ஏன் சொல்லலன்னு அப்புறம் குதிப்பாரு, அதனால புரிஞ்சுக்கோங்க. "ரன்னிங் லேட்"னா லேட்டா வந்துகினு இருக்கேன். "ரன் அப் எ பில்"னா கணக்கை ஏத்திகினே போறது, நாயர் கடையில டீ அக்கவுன்ட் மாதிரி. "ரன் டவுன்"னா ஆள மட்டமா பேசுறது, கட்டடத்துக்குப் போட்டா பாழடைஞ்சதுன்னு அர்த்தம். "இட் ரன்ஸ் இன் தி ஃபேமிலி"ன்னா பரம்பரையா வர்றது, சுகருக்கும் சொல்லலாம், பாக்ஸிங்குக்கும் சொல்லலாம்.

ஸ்டெப் 5: எப்ப ரன்னையே விடலாம், எப்ப மாத்தலாம்

பேச்சு, வாட்ஸ்அப், ஃப்ரெண்ட்லி மெயில்னா ரன்னையே விடுங்க, சின்ன வார்த்தை, லேசா இருக்கும். லெட்டர், ரெஸ்யூம், ரிப்போர்ட்னா மாத்துங்க. டிக்ஷனரில சினானிம், அதாவது ஒரே அர்த்தம் வர்ற வார்த்தைங்க லிஸ்ட் பார்த்து கண்ணுக்குப் பெருசா தெரியுற வார்த்தைய எடுத்துப் போடுற பழக்கம்தான் எனக்குப் புடிக்காதது, "மை நோஸ் இஸ் ஆபரேட்டிங்"னு எழுதினாலும் லிஸ்ட்ல இருக்கிற வார்த்தைதான். முதல்ல ரெண்டு கேள்வி, அப்புறம்தான் லிஸ்ட்.

ரன் நவுனா, அதாவது பெயர்ச்சொல்லா வர்றதுல மூணு போதும். டிரை ரன்னா ஒத்திகை. இன் தி லாங் ரன்னா போகப் போக. ரன் ஆஃப் தி மில்னா சாதாரணமானது, மில்லுல இருந்து தரம் பிரிக்காம அப்படியே வர்ற சரக்குக்கு சொன்னது, பெரம்பூர்காரங்களுக்கு மறக்காது.

ஃபார்ம் மூணும் ரன், ரான், ரன். "ஐ ஹேவ் ரான்" கிடையாது, "ஐ ஹேவ் ரன்". "ரன்னிங் ரேஸ்"னு ஸ்போர்ட்ஸ் டேல சொல்றோமே, வெறும் ரேஸ் போதும்.

இப்ப பேனா எடுத்து இதுங்கள இங்கிலீஷ்ல எழுதிப் பாருங்க: "சிலிண்டர் தீர்ந்துடுச்சு", "இந்த லுங்கில சாயம் போவும்", "எங்க அண்ணி டெய்லர் கடை நடத்துறாங்க", "ஓடுற பஸ்ஸுல ஏறிட்டான்", "சும்மா ஓட்டாத". எழுதியாச்சா? விடை: "வி ஹேவ் ரன் அவுட் ஆஃப் கேஸ்." "திஸ் லுங்கி வில் ரன்", இல்லன்னா இன்னும் தெளிவா "தி கலர் வில் ரன்." "மை சிஸ்டர் இன் லா ரன்ஸ் எ டெய்லரிங் ஷாப்." கடைசி ரெண்டுலயும் ரன் வரவே வராது, "ஹீ காட் ஆன் எ மூவிங் பஸ்", "ஸ்டாப் டீசிங் மீ."